விளையாட்டும் மொழிப்பேறும்: தமிழ்மொழி வகுப்பறை விளையாட்டுகள் பற்றியதொரு திறனாய்வு

முன்னுரை

உவகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்குரிய நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் நான்கினைச் சுட்டுகிறார். செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றை அடுத்து அவர் நான்காவதாக வைப்பது விளையாட்டு. விளையாட்டு மகிழ்ச்சி தரும் என்பது தமிழ் மரபுக்குப் புதிய செய்தியன்று என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாகும். ஆயின், விளையாட்டு கற்றலுக்கும் காரணமாகுமா என்பதும், ஆகுமெனின் எத்தகைய விளையாட்டு எந்நிலையில் ஆகும் என்பதும் தனித்து ஆராயத்தக்க வினாக்கள். வகுப்பறையில் மகிழ்ச்சி தோன்றியது என்பதைக் கொண்டே கற்றலும் நிகழ்ந்தது என முடிவு கட்டும் போக்கு இன்று நம்மிடையே வேரூன்றியுள்ளது. பயிற்சி ஆசிரியர்களின் பாடத்திட்டங்களிலும், செயலாய்வு அறிக்கைகளிலும், மாநாட்டு மலர்களிலும் இப்போக்கினைக் காணலாம்.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் தமிழ்மொழிப் பாடத்தின்போது பரவலாகக் கையாளப்படும் சில விளையாட்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் மொழிப்பயன் யாது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தேவையான இடங்களில் சிங்கப்பூர்ச் சூழலும் ஒப்பிட்டு நோக்கப்படும். விளையாட்டு வேண்டும், வேண்டா என்னும் வாதத்தில் நாம் இறங்கவில்லை. அவ்வாதம் முடிந்துபோன ஒன்று; விளையாட்டு வகுப்பறைக்குள் வந்துவிட்டது. வந்தது எதனைச் செய்கிறது என்பதே நம் வினா.

விளையாட்டு வகுப்பறைக்குள் வந்த வழி

மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் 1983ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தப்பட்ட கலைத்திட்டம், மொழிப்பாடத்தில் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து ஆகிய திறன்களை முதன்மைப்படுத்தியது. மாணவரை நடுவாகக் கொண்ட நடவடிக்கைகள் அப்போதே வலியுறுத்தப்பட்டன. எனினும், 1988இல் தொடங்கப்பட்ட ஆறாம் ஆண்டுத் தேர்வு வகுப்பறையின் போக்கினைப் பெரிதும் வரையறுத்தது. மேல்வகுப்புகளில் பயிற்சி நூல்களும் மாதிரித் தேர்வுத் தாள்களும் ஆட்சி செய்தன. விளையாட்டு என்பது பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளோடு நின்றுபோயிற்று.

2011ஆம் ஆண்டில் முதலாம் ஆண்டு மாணவர்க்கு அறிமுகமான தர அடிப்படையிலான கலைத்திட்டம் இந்நிலையை மாற்ற முயன்றது. மகிழ்ந்து கற்றல் என்னும் அணுகுமுறை அதில் வெளிப்படையாக இடம்பெற்றது. செய்யுளும் மொழியணியும், இலக்கணம் ஆகியவை திறன்களோடு சேர்த்துத் தனித்தனிக் கூறுகளாக வகுக்கப்பட்டன. பின்னர் 21ஆம் நூற்றாண்டுக் கற்றல் என்னும் பெயரில் குழு நடவடிக்கைகள் மேலும் வலுப்பெற்றன. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கோவிட் பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்டபோது, இணையவழிப் புதிர்ப்போட்டிகள் ஆசிரியர்களுக்கு உற்ற துணையாயின. ஆறாம் ஆண்டுத் தேர்வு இறுதியாக 2019இல் நடைபெற்றது. 2021இல் அத்தேர்வு அகற்றப்படுவதாக அறிவிக்கப்பட்டது. வகுப்பறைசார் மதிப்பீடு அதன் இடத்தைப் பெற்றது.

சிங்கப்பூரில் தூண்டுகோல் வேறு. அங்குத் தமிழ்மொழிக் கலைத்திட்டத்தையும் கற்பித்தல் முறைகளையும் மீள்நோக்கிய குழு 2005இல் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. வீட்டில் ஆங்கிலம் பேசும் இந்தியக் குடும்பங்கள் பெருகியதே அதன் பின்னணி. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்நாட்டு இந்தியர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலமே. அச்சூழலில் மாணவனைப் பேசவைக்கும் கருவியாக நடவடிக்கைகள் கருதப்பட்டன.

ஆக, மலேசியாவில் தேர்வுச் சுமைக்கு மாற்றாகவும், சிங்கப்பூரில் பேச்சுக்கு வாயிலாகவும் விளையாட்டு வரவேற்கப்பட்டது. இரண்டும் நியாயமான காரணங்களே. ஆயினும், ஒரு கருவி எதற்காகக் கொண்டுவரப்பட்டது என்பதும், அஃது இன்று எதனைச் செய்துகொண்டிருக்கிறது என்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

நாம் கண்ட ஒரு வகுப்பு

பயிற்றுப்பணி மேற்பார்வைக்காக நாம் சென்றிருந்த ஒரு பள்ளியில், நான்காம் ஆண்டு மாணவர்க்கு வலிமிகும் இடங்களும் மிகா இடங்களும் கற்பிக்கப்பட்டன. பயிற்சி ஆசிரியர் முந்தைய நாளிரவு நெடுநேரம் விழித்திருந்து சொல்லட்டைகள் செய்திருந்தார். வகுப்பு நான்கு குழுக்களாகப் பிரிந்தது. சீழ்க்கை ஒலித்ததும் ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் ஓடிவந்து, கூடையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, வெண்பலகையின் வலப்புறமோ இடப்புறமோ ஒட்ட வேண்டும். வகுப்பறை அதிர்ந்தது. எந்த மாணவனும் சோர்ந்திருக்கவில்லை. வெற்றி பெற்ற குழுவுக்கு மிட்டாய் வழங்கப்பட்டது. மாணவர் ஈடுபாடு என்னும் கட்டத்தில் நாம் உயர்ந்த புள்ளியை எழுதினோம்.

பாடம் முடிந்தபின், மிக விரைவாக ஒட்டிய மாணவன் ஒருவனை அழைத்து, "இந்தச் சொல்லை ஏன் இந்தப் பக்கம் ஒட்டினாய்?" என்று கேட்டோம். அவன் சற்றும் தயங்காமல், "பச்சை அட்டை எல்லாம் அந்தப் பக்கம், ஐயா" என்றான். பயிற்சி ஆசிரியர் தம் வசதிக்காக இருவகைச் சொற்களையும் இருநிறத் தாள்களில் அச்சிட்டிருந்தார். குழந்தைகள் முதல் இரண்டு சுற்றிலேயே அதனைக் கண்டுகொண்டனர். அதன்பின் அவ்வகுப்பில் இலக்கணம் இல்லை. நிறம் மட்டுமே இருந்தது. மேலும், அந்த இருபது நிமிடங்களில் நம் காதில் மிகுதியாக விழுந்த சொல் 'செப்பாட்' என்னும் மலாய்ச் சொல். விரைவு என்னும் பொருளுடைய அச்சொல்லே அவ்விளையாட்டுக்குத் தேவையான மொழியாக இருந்தது. தமிழ் தேவைப்படவில்லை.

இந்நிகழ்வை அப்பயிற்சி ஆசிரியரின் குறையாக நாம் காணவில்லை. நிறத்தை மாற்றினால் தீர்ந்துவிடும் சிறு பிழை அது. பெரிய பிழை நம்முடையது. கண்முன் நிகழ்ந்த ஓட்டத்தையும் ஆரவாரத்தையும் ஈடுபாடு என்று பெயரிட்டு, அதற்குப் புள்ளியும் வழங்கியவர்கள் நாமே. பயிற்சி ஆசிரியர்கள் நம் மதிப்பீட்டுப் படிவத்தைப் பார்த்தே பாடம் அமைக்கின்றனர். படிவம் எதனைக் கேட்கிறதோ அதுவே வகுப்பறையில் விளைகிறது.

நன்னூல் தரும் அளவுகோல்

விளையாட்டை அளக்க நமக்கோர் அளவுகோல் வேண்டும். அதனைப் பவணந்தி முனிவரிடமே பெறலாம் என்பது நம் கருத்து. நன்னூலின் பொதுப்பாயிரம், கற்போன் பெறும் புலமையைக் கூறுகளாகப் பகுத்துரைக்கிறது. ஆசிரியர் கூறுவதை நன்கு கேட்டுக்கொள்வதால் மாணவன் பெறுவது கால்பங்கே. உடன் பயில்வாரோடு கூடிப் பழகுவதால் மற்றொரு கால் வருகிறது. எஞ்சிய அரைப்பங்கும் தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதனால் நிறைகிறது. வினாதலும், வினாயவற்றுக்கு விடையிறுத்தலும் பாடம் கேட்கும் மரபின் பகுதிகளாகவே அங்குக் கூறப்பட்டுள்ளன.

இப்பங்கீட்டைக் கணக்காகக் கொள்ளாது, நெறியாகக் கொள்ளுதல் வேண்டும். அந்நெறி இரண்டு செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, ஆசிரியரின் விரிவுரையோடு நின்றுவிடும் வகுப்பு கற்றலின் பெரும்பகுதியை இழக்கிறது. விளையாட்டை எதிர்ப்போர் இதனை மறத்தலாகாது. இரண்டாவது, மாணவர் ஒன்றுகூடுவது மட்டும் போதாது. கூடியவர்கள் ஒருவர்க்கொருவர் எடுத்துரைத்தல் வேண்டும். விளையாட்டைப் போற்றுவோர் இதனை மறத்தலாகாது. நம் வகுப்பறை விளையாட்டுகளுள் எத்தனை இந்த அரைப்பங்கினைத் தொடுகின்றன என்று காண்போம்.

மூன்று விளையாட்டுகள்

முதலாவது, பாம்பும் ஏணியும். தமிழ்ப்பள்ளிகளில் மிகப் பரவலான பலகை விளையாட்டு இதுவே. மாணவன் பகடையை உருட்டி, காயை நகர்த்தி, அக்கட்டத்துக்குரிய வினாவுக்கு விடை கூறுகிறான். பிரெஞ்சு அறிஞர் ரொஜே கையுவா 1958இல் வெளியிட்ட நூலில் விளையாட்டுகளைப் போட்டி, தற்செயல், பாவனை, தலைச்சுற்றல் என நால்வகைப்படுத்தினார். பாம்பும் ஏணியும் இவற்றுள் முழுக்க முழுக்கத் தற்செயலைச் சார்ந்தது. எல்லா வினாக்களுக்கும் சரியாக விடை கூறியவன் பாம்பின் வாயில் விழுந்து தோற்கலாம். ஒன்றுக்கும் விடை தெரியாதவன் ஏணியில் ஏறி வெல்லலாம். அதாவது, வெற்றிக்கும் மொழியறிவுக்கும் தொடர்பில்லை. விளையாட்டின் உயிர் பகடையில் உள்ளது. வினாத்தாள் அதன்மேல் ஒட்டப்பட்டுள்ளது. குழந்தைகள் இதனை நன்கறிவர். எனவே, விடையை விரைந்து கூறிவிட்டுப் பகடையின் மீதே கண்வைத்திருப்பர்.

இங்கு ஓர் எளிய கணக்கினையும் போட்டுப் பார்க்கலாம். இருபத்தெட்டு மாணவர் உள்ள வகுப்பில் இருபது நிமிடம் ஒரே பலகையை வைத்து, ஒருவர் பின் ஒருவராக விளையாடினால், ஒரு மாணவனுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 43 நொடி. பகடை உருட்டவும் காய் நகர்த்தவும் பாதி போனால், எஞ்சுவது 20 நொடியே. அதே இருபது நிமிடத்தை இணையர் நடவடிக்கைக்குத் தந்தால், ஒவ்வொருவனுக்கும் பத்து நிமிடம் பேசும் வாய்ப்பு உண்டு. சிந்திக்கவும் தயங்கவும் பாதியைக் கழித்தாலும் ஐந்து நிமிடம் மிஞ்சும். இது முன்னதைப் போல் பதினைந்து மடங்கு. மகிழ்ச்சியில் இரண்டும் நிகராக இருக்கலாம், மொழிப்புழக்கத்தில் நிகரல்ல.

இரண்டாவது, இணையவழிப் புதிர்ப்போட்டி. 2013இல் நோர்வேயில் அறிமுகமான கஹூட் இவ்வகையில் நன்கறியப்பட்டது. வினா திரையில் தோன்றும். மாணவன் வண்ணக் கட்டங்களுள் ஒன்றைத் தொடுவான். யார் முன்னிலையில் உள்ளார் என்பது உடனுக்குடன் தெரியும். விடையை உடனே அறிவதும், கற்றதை நினைவிலிருந்து மீட்டெடுப்பதும் கற்றலுக்கு உதவும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், தமிழ்மொழிப் பாடத்தைப் பொறுத்தவரை இரு குறைகள் நோக்கத்தக்கவை. ஒன்று, அதன் இயல்பான அமைப்பில் விரைவுக்கே கூடுதல் புள்ளி. தமிழ் நெடுங்கணக்கை இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை, வினாவைப் படித்து முடிக்குமுன்பே தோற்றுவிடுகிறது. மிகுதியாக வாசிக்கவேண்டிய மாணவன் வாசிக்காமல் ஊகித்துத் தொடக் கற்றுக்கொள்கிறான். மற்றொன்று, நான்கு விடைகளுள் ஒன்றை அடையாளம் காண்பது வேறு, தானே ஒரு வாக்கியத்தை ஆக்குவது வேறு. லகர ழகர ளகர வேறுபாடு நாவிலும் செவியிலும் பழக வேண்டிய ஒன்று. அதனை விரல்நுனியில் பழக்க இயலாது. அப்போட்டி முடியும்வரை ஒரு மாணவனும் ஒரு தமிழ்ச்சொல்லையேனும் வாய்விட்டுக் கூறவேண்டிய தேவை எழுவதில்லை.

மூன்றாவது, நாம் முன்னர் விவரித்த ஓடி ஒட்டும் விளையாட்டு. உடலசைவு சிறார்க்கு நல்லதே; நீண்ட நேரம் அமர்ந்திருக்கும் வகுப்பில் அது புத்துணர்வூட்டும். ஆயின், ஒருவர் ஓடும்போது அக்குழுவில் எஞ்சியோர் கூச்சலிடுவதன்றிச் செய்வது யாதுமில்லை. பிழையாக ஒட்டப்பட்ட அட்டையை ஆசிரியரே இறுதியில் எடுத்து மாற்றி ஒட்டுகிறார். ஏன் பிழை என்பதை யாரும் யார்க்கும் எடுத்துரைப்பதில்லை. நன்னூலின் அரைப்பங்கு தீண்டப்படாமலே பாடம் நிறைவுறுகிறது.

பரிசும் ஆர்வமும்

விளையாட்டோடு ஒட்டிப்பிறந்ததாக நாம் கருதும் பரிசினையும் ஆராய்தல் வேண்டும். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் அமெரிக்க உளவியலாளர் மூவர் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். வரைவதில் இயல்பாகவே நாட்டமுடைய மழலையர் பள்ளிச் சிறுவர்கள் மூன்று பிரிவாக்கப்பட்டனர். வரைந்தால் நற்சான்றிதழ் உண்டு என்று முதற்பிரிவினர்க்கு முன்னரே கூறப்பட்டது. இரண்டாம் பிரிவினர்க்கு எதிர்பாராத வகையில் சான்றிதழ் வழங்கப்பட்டது. மூன்றாம் பிரிவினர்க்கு ஒன்றுமில்லை. சில நாள்களுக்குப் பின், தடையற்ற நேரத்தில் சிறுவர்கள் வரைவதைக் கவனித்தபோது, பரிசினை எதிர்நோக்கி வரைந்தவர்கள் ஏனையோர் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதியே வரைந்தனர். பரிசு அவர்தம் ஆர்வத்தைக் கூட்டவில்லை, குறைத்தது.

இம்முடிவினை அப்படியே எல்லாச் சூழலுக்கும் பொருத்துதல் கூடாது. ஆர்வமே இல்லாத ஒன்றில் தொடக்கத் தூண்டலாகச் சிறு பரிசு பயன்படக்கூடும். ஆயினும், தமிழ்மொழிக்கு இதிலோர் எச்சரிக்கை உண்டு. மிட்டாயும் ஒட்டுவில்லையும் புள்ளிப்பட்டியலும் தொடக்கப்பள்ளியோடு நின்றுவிடுகின்றன. இடைநிலைப்பள்ளியில் பல மாணவர்க்குத் தமிழ் வகுப்பு பள்ளி நேரத்துக்கு வெளியே நடைபெறுகிறது. சில பள்ளிகளில் ஆசிரியரும் இல்லை. அங்குத் தமிழைத் தொடர்வது மாணவனின் சொந்த விருப்பத்தைச் சார்ந்தது. ஆறாண்டுகள் பரிசுக்காகத் தமிழ் பயின்றவனிடம் அவ்விருப்பம் எஞ்சியிருக்குமா என்பது நம் சமூகத்தின் எதிர்காலம் சார்ந்த வினா.

செயலாய்வுகள் பற்றி

இவ்வினாவுக்கு நம் ஆய்வுகள் விடை தருகின்றனவா எனின், இல்லை என்றே கூற வேண்டியுள்ளது. ஏதேனும் ஒரு விளையாட்டின்வழி ஏதேனும் ஒரு திறனை மேம்படுத்துதல் என்னும் வாய்பாட்டில் அமைந்த தலைப்புகள் மாநாடுதோறும் இடம்பெறுகின்றன. அவற்றின் அமைப்பும் பெரும்பாலும் ஒன்றே. பத்துச் சொற்களுக்கு முன்சோதனை. இரண்டு வாரம் விளையாட்டு. அதே பத்துச் சொற்களுக்குப் பின்சோதனை. புள்ளி உயர்வைக் காட்டும் பட்டை வரைபடம். விளையாட்டு பிடித்திருந்தது எனப் பெரும்பான்மை மாணவர் கூறியதாக ஒரு வினாநிரல்.

இவ்வமைப்பில் மூன்று இடைவெளிகள் உள்ளன. முதலாவது, ஒப்பீட்டுக் குழு இல்லை. அதே பத்துச் சொற்களை இரண்டு வாரம் எவ்வழியில் பயிற்றுவித்தாலும் புள்ளி உயரும். உயர்வுக்கு விளையாட்டே காரணம் என்று கூற இயலாது. இரண்டாவது, பின்சோதனை மிக விரைவில் நடத்தப்படுகிறது. ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. ஐந்து நிமிடத்துக்குப் பின் நடத்திய சோதனையில், மீண்டும் மீண்டும் படித்தவர்கள் முன்னின்றனர். ஒரு வாரத்துக்குப் பின் நடத்திய சோதனையிலோ, நினைவிலிருந்து மீட்டெடுத்துப் பயின்றவர்கள் அவர்களை விஞ்சினர். உடனடிச் சோதனை காட்டும் முடிவு ஒரு வாரத்தில் தலைகீழாகலாம் என்பதே இதனால் பெறப்படும் பாடம். மூன்றாவது, பிடித்திருந்தது என்பதும் கற்றான் என்பதும் ஒரே தரவாகக் கொள்ளப்படுகின்றன. இத்தகைய ஆய்வேடுகளை வழிநடத்தியோருள் நாமும் அடங்குவோம் ஆதலின், இதனைப் பிறர்மீது சுமத்தும் குற்றமாகக் கூறவில்லை.

விளையாட்டை மறுப்போர்க்கு

மேற்கூறியவற்றைக் கொண்டு, பழைய முறையே சிறந்தது என எவரேனும் மகிழ்வாராயின், அவர்க்கும் நம்மிடம் மறுமொழி உண்டு. இலக்கண விதியை மனனம் செய்து தேர்வில் ஒப்புவித்த தலைமுறைகளும் வலிமிகும் இடங்களில் பிழையின்றி எழுதிவிடவில்லை. தவறிவிடுவோமோ என்னும் அச்சம் மொழிப்பேற்றுக்குத் தடையாகும் என்பதை இரண்டாம் மொழி கற்றல் ஆய்வில் ஸ்டீபன் கிராஷென் 1980களிலேயே வலியுறுத்தினார். வீட்டில் தமிழ் கேளாத குழந்தைக்கு அவ்வச்சம் மிகுதி. விளையாட்டில் தோற்பது பாடத்தில் தவறுவதைப் போல் வலிப்பதில்லை. அந்தப் பாதுகாப்பினை வேறெதுவும் எளிதில் தருவதில்லை.

அன்றியும், விளையாட்டு என்பது விதிகளற்ற குதூகலமன்று. எந்தப் பாவனை விளையாட்டிலும் விதி உறைந்திருக்கிறது என்றும், விளையாடும் குழந்தை தன் அன்றாட நிலையினும் உயர்ந்து நிற்கிறது என்றும் வைகோட்ஸ்கி 1933இல் ஆற்றிய உரையில் விளக்கினார். மொழியும் விதிகளால் ஆனதே. ஆதலின், விளையாட்டின் விதியும் மொழியின் விதியும் ஒன்றாக இணையும் இடத்தில்தான் உண்மையான மொழி விளையாட்டு பிறக்கிறது. நம் மரபில் அத்தகையன உண்டு. தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை முதலியவற்றோடு ஒருங்கு வைத்தெண்ணும் பிசி, பிற்காலத்து விடுகதையாக வாழ்கிறது. விடுகதையில் விளையாட்டையும் மொழியையும் பிரிக்க இயலாது. மொழியை நீக்கினால் விளையாட்டும் இல்லை. பாம்பும் ஏணியுமோ, வினாத்தாளை நீக்கினாலும் முன்போலவே நடைபெறும். இந்நீக்கச் சோதனையை எந்த விளையாட்டுக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

பொருள் மாறும் விளையாட்டு

வலிமிகுதலையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். 'வேலை தேடு' என்பதற்கும் 'வேலைத் தேடு' என்பதற்கும் இடையே நிற்பது ஒரே ஒரு தகர மெய். முன்னது பணியைத் தேடுமாறு கூறுகிறது. பின்னது வேலாயுதத்தைத் தேடுமாறு கூறுகிறது. 'தந்த பலகை' ஒருவர் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆன பலகை. இத்தகைய இணைகளைக் கொண்டு ஒரு நடவடிக்கை அமைக்கலாம். ஒரு மாணவன் அட்டையில் உள்ள தொடரை வாசிக்கிறான். அட்டையைக் காணாத மற்றவன் தான் கேட்டதை வரைகிறான். வேலுக்கு மாறாக அலுவலகம் வரையப்பட்டிருந்தால், பிழை வாசித்தவன் நாவிலா, கேட்டவன் செவியிலா என்று இருவரும் கூடி ஆராய வேண்டும். ஆசிரியர் திருத்த வேண்டியதில்லை, படமே திருத்துகிறது. பின்னர் அவ்விருவரும் மற்றோர் இணையர்க்கு அதன் காரணத்தை விளக்க வேண்டும். பவணந்தியார் கூறிய கால்பங்கும் அரைப்பங்கும் இங்கு ஒருசேர நிறைகின்றன.

'ஒலி, ஒளி, ஒழி', 'வலி, வளி, வழி' என்னும் சொற்களையும் இவ்வாறே முதுகோடு முதுகு சாய்ந்தமர்ந்து ஒருவன் ஒலிக்க, மற்றவன் உரிய அட்டையை எடுக்கும்படி செய்யலாம். இதற்கு அச்சுப்பொறியோ இணைய இணைப்போ தேவையில்லை. மலேசியாவில் உள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பல குறைந்த மாணவர் எண்ணிக்கை கொண்டவை. நான்கைந்து மாணவர் மட்டுமே அமர்ந்திருக்கும் தோட்டப்புறப் பள்ளி வகுப்பில் நான்கு குழுப் போட்டி நடத்த இயலாது. ஆனால் இருவர் இருந்தாலே இந்நடவடிக்கை நடைபெறும்.

விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத்தக்க வினாக்கள் நான்கு. மாணவன் வெல்வது தமிழாலா, விரைவாலா, பகடையாலா? ஒவ்வொரு மாணவனும் எத்தனை நிமிடம் தமிழைக் கையாளுகிறான்? பிழை நேர்ந்தால் அதனை யார், எவ்வாறு கண்டறிகின்றனர்? விளையாட்டு ஓய்ந்தபின் தான் செய்ததன் காரணத்தை மாணவன் எடுத்துரைக்க நேரம் ஒதுக்கப்பட்டுள்ளதா? நான்காவது வினாவே பெரும்பாலும் மணியொலியில் அடிபட்டுப் போகிறது. இருபது நிமிட விளையாட்டுக்குப் பின் ஐந்து நிமிட உரையாடல் இல்லையெனில், விளையாட்டைப் பதினைந்து நிமிடமாகக் குறைப்பதே முறை.

முடிவுரை

வகுப்பறையில் விளையாட்டு நிகழ்வது கற்றல் நிகழ்வதற்குச் சான்றாகாது என்பதும், விளையாட்டின் விதியும் மொழியின் விதியும் ஒன்றுபடும்போதே அது மொழிப்பேற்றுக்குத் துணையாகும் என்பதும் இக்கட்டுரையால் பெறப்பட்டவை. இதனைச் செயற்படுத்தும் பொறுப்பு ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று. மேற்பார்வைப் படிவத்தில் மாணவர் ஈடுபாடு என்னும் கட்டத்துக்கு அருகில் மாணவர் தமிழைக் கையாண்ட அளவு என்றொரு கட்டத்தையும் சேர்ப்பது பல்கலைக்கழகத்திலும் ஆசிரியர் கல்விக் கழகத்திலும் பணியாற்றும் நம் கடமை. செயலாய்வுகளில் ஒரு மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை சோதித்துப் பார்க்கும்படி மாணவர்க்கு அறிவுறுத்துவதும் நம் கடமையே.

அன்று அப்பள்ளியில் நாம் அளித்த புள்ளியைப் பின்னர் மாற்றவில்லை. படிவம் கேட்டதற்கு அது பொருந்திய புள்ளியே. அடுத்த மேற்பார்வைக்கு முன்னர் அப்பயிற்சி ஆசிரியரோடு அமர்ந்து நிகழ்ந்ததைப் பேசினோம். அடுத்த முறை அவர் எல்லா அட்டைகளையும் வெள்ளைத் தாளில் எழுதி, மாணவரை இருவர் இருவராக அமர்த்தியிருந்தார். வகுப்பறையில் ஆரவாரம் முன்னைவிடக் குறைவு. பச்சை அட்டையைச் சொன்ன அதே மாணவன், தன் இணையனிடம், "நீ த் சொல்லவே இல்லை, பிறகு எப்படி நான் வேலை வரைவது?" என்று வழக்காடிக்கொண்டிருந்தான். அவ்வழக்கு தமிழில் நிகழ்ந்தது. தமிழைப் பற்றியும் நிகழ்ந்தது. நாம் தேடும் ஈடுபாடு அதுவே என்பது நம் துணிபு.